வீணாய்ப் போன ஆவியும் லயத்து விளக்குகளும்

1. ஒடிந்த காம்பு

வண்டிப்பெரியாருக்குப் பக்கத்தில் ஒரு தேயிலை பேக்டரியில் நான் எஞ்சின் டிரைவராகச் சேர்ந்த நாளன்று, என்னை வா என்று சொல்ல யாருக்கும் நேரமில்லை. ஐம்பதுகளில் ஒரு மழைக்காலத் தொடக்கம். டீமேக்கர் தங்கையா மாடியில் நின்று கத்திக்கொண்டிருந்தார். யாரைத் திட்டுகிறார் என்று பார்த்தேன். இலையைத் திட்டிக்கொண்டிருந்தார்.

எனக்குச் சொந்த ஊர் நல்லேப்பிள்ளி. அங்கே ஒரு அரிசி மில்லில் ஸ்டீம் எஞ்சின் ஓட்டினேன். முதலாளி அந்த எஞ்சினைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு டீசல் எஞ்சின் வாங்கினார். "ஆறுச்சாமி, இதுக்கு டிரைவர் வேண்டாம், ஒரு குப்பி எண்ணெய் போதும்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். சிரித்த முகத்தோடு வயிற்றில் அடிப்பவர்களை எனக்கு அன்றிலிருந்து பிடிக்காது. அப்போதுதான் கல்யாணமாகியிருந்தது. கோவிந்தாபுரத்தில் பஸ் ஏறி, பொள்ளாச்சி, கம்பம், குமுளி என்று சுற்றி, நனைந்த தகரப்பெட்டியும் நனைந்த மனைவியுமாக இங்கே வந்து இறங்கினேன். எங்கள் ஊரில் மழை வரும், போகும். இங்கே மழை குடியிருந்தது.

தங்கையா என்னைப் பார்த்ததும் மாடியிலிருந்தே கூப்பிட்டார். "நீருதான் புது டிரைவராவே? மேல வாரும். இந்தக் காம்ப மடியும் பாப்போம்."

கையில் ஒரு கொழுந்தைத் திணித்தார். மடித்தேன். டக்கென்று ஒடிந்தது.

"ஒடிஞ்சிட்டா? ஒடியப்படாதுவே, வளையணும். ராப்பூரா தட்டுல கெடந்த கொழுந்து இது. செடியில எப்படி இருந்திச்சோ அப்படியே இருக்கு. இத ரோலர்ல போட்டா சாறு பூரா தரைக்குப் போவும், சக்கைதான் மிஞ்சும். இதுல நான் என்னத்த டீ போட?"

தேயிலை வேலை தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். பகலில் பறித்து வந்த கொழுந்தைச் சாயங்காலம் மாடியில் தட்டுத் தட்டாகப் பரப்புவார்கள். இரவு முழுவதும் காற்றில் வாடி, விடியும்போது துணி மாதிரி துவண்டிருக்க வேண்டும். அப்புறம்தான் ரோலர், டிரையர் எல்லாம். வெயில் மாதங்களில் ஜன்னலைத் திறந்து வைத்தாலே வாடிவிடும். மழை மாதங்களில் ஜன்னலைத் திறந்தால் மேகம் உள்ளே வரும். அதற்கு உலர்ந்த சூட்டுக் காற்று வேண்டும். டிரையர் ஓடும்போது அதன் சூட்டைக் கொஞ்சம் மாடிக்கு இழுத்துக்கொள்ளலாம். ஆனால் டிரையர் ஓடுவது பகலில், கொழுந்து வாட வேண்டியது இரவில்.

அன்று மத்தியானம் பெரிய தொரை எல்லோரையும் பேக்டரி வாசலில் கூட்டினார். வெள்ளைக்காரர். எஸ்டேட் தமிழ் பேசுவார். அதில் கட்டளைகள் மட்டும்தான் உண்டு. "போன மழை டீ மோசம். அதுக்கு முன்னாடி மழை டீயும் மோசம். இந்த மழை டீயும் மோசமா வந்தா பேக்டரி மூடும். கொழுந்து எல்லாம் ஆத்துக்கு அந்தப் பக்கம் பேக்டரிக்குப் போகும். புரிஞ்சுதா? போ."

புரிந்தது. பேக்டரி மூடினால் பாய்லரும் எஞ்சினும் இல்லை. தங்கையாவும், ரோலர்காரர்களும், பயர்மேன்களும், அன்று காலைதான் பெட்டியை இறக்கி வைத்த நானும் இல்லை. திரும்பிப் போக எனக்கு ஒரு மில்லும் இல்லை. குவார்ட்டர்ஸுக்குப் போனபோது மனைவி அடுப்புக்கல் தேடிக்கொண்டிருந்தாள். பெட்டியை இப்போதைக்குப் பிரிக்க வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். முடியவில்லை.

2. மேகத்தைச் சூடாக்கியவர்கள்

அடுத்த வாரம் கம்பெனி ஒரு இன்ஜினியரை அனுப்பியது. பெயர் சங்கரநாராயணன், கல்பாத்திக்காரர். நெற்றியில் விபூதி, முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், அட்டைக்குப் பயந்து பூட்ஸுக்குள் புகையிலைத் தூள். இந்த ஆள் இரண்டு நாளில் ஜலதோஷம் பிடித்து ஊருக்குப் போய்விடுவார் என்று நாங்கள் பேசிக்கொண்டோம்.

முதல் நாள் அவர் ஒரு மிஷினையும் தொடவில்லை. பேக்டரிக்கு வெளியே குடையைப் பிடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தபடி நின்றார். கூரைமேல் எங்கள் எஞ்சினின் எக்ஸாஸ்ட் குழாய் புஸ் புஸ் என்று வெள்ளையாக ஆவி விட்டுக்கொண்டிருந்தது. அரை நாள் அதையே பார்த்தார். பயர்மேன்கள் வேலையை விட்டுவிட்டு அவரை வேடிக்கை பார்த்தார்கள்.

மத்தியானம் எஞ்சின் ரூமுக்கு வந்தார். "ஆறுச்சாமி, அந்தக் குழாய் வழியாப் போறது என்னவாக்கும்?"

"பழசாப் போன ஸ்டீமுங்க. எஞ்சின் தின்னுபோட்டுத் துப்புறதுங்க."

"தின்னது எத்தனை, துப்பினது எத்தனை? தெரியுமோ?"

தெரியாது என்றேன். பதினைந்து வருஷம் எஞ்சின் ஓட்டியவனிடம் யாரும் அதுவரை அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை.

பாய்லர் ரூம் கதவில் சாக்கட்டியால் படம் போட்டார். "விறகுல இருக்கற சூட்டுல எஞ்சின் எடுத்துக்கறது ஒரு கை அள்ளல், அவ்வளவுதான். அதுலதான் சக்கரம் சுத்தறது, டைனமோ சுத்தறது. பாக்கிச் சூடு அத்தனையும் அந்த ஆவியோட ஆகாசத்துக்குப் போறது. மாடியில தங்கையா சூடு வேணும் சூடு வேணும்னு அழறார். நாம என்னடான்னா மேகத்தைச் சூடாக்கிண்டிருக்கோம். மனசிலாச்சோ?"

மனசிலானது. கொஞ்சம் எரிச்சலும் வந்தது. நான் துடைத்துத் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்த எஞ்சின், ஊரிலேயே பெரிய ஊதாரி என்று ஒருவர் சாக்கட்டியால் எழுதிக் காட்டினால் யாருக்குத்தான் எரியாது?

அவர் விடவில்லை. "வெளிநாட்டுல சில எடத்துல பூமிக்குள்ளேர்ந்தே ஸ்டீம் பொங்கிண்டு வரதாக்கும். பாய்லரும் வேண்டாம், விறகும் வேண்டாம். அதை வெச்சுக் கரண்ட் எடுக்கறா. அதோட வர வெந்நீரைக் குழாய்ல விட்டு வீட்டைச் சூடாவும் வெச்சுக்கறா. பூமி சும்மா தரதையே அவா ரெண்டு வேலைக்கு எடுத்துக்கறா, கேட்டேளா. நாம கோடாலியால வெட்டி, மழையில சுமந்து, உலர்த்தி வெச்ச விறகை ஒரு வேலையோட விட்டுடறோம்."

அவர் பேச்சில் எனக்குப் பிடித்தது ஒன்றுதான். 'நாம' என்றார். வந்து ஒரு நாள்கூட ஆகவில்லை. 'நீங்கள் இப்படிச் செய்கிறீர்கள்' என்று சொல்லவில்லை.

வேலை தொடங்கியது. எக்ஸாஸ்ட் குழாயைக் கூரையிலிருந்து திருப்பி மாடிக்குக் கீழே கொண்டுவந்தோம். ஸ்டோரில் துருப்பிடித்துக் கிடந்த பழைய இரும்புக் குழாய்களை வரிசையாக அடுக்கி ஒரு ஹீட்டர் கட்டினோம். ஆவி குழாய்க்குள் போகும், பின்னாலிருந்து பேன் காற்றை அடிக்கும், காற்று சூடாகி மாடிக்கு ஏறும். எஞ்சின் துப்பும் ஆவியோடு சிலிண்டர் எண்ணெயும் வரும். அது குழாய்க்குள் படிந்தால் சூடு வெளியே வராது. அதற்கு வழியில் ஒரு டப்பா வைத்து எண்ணெயைப் பிரித்தார். ஆவி குளிர்ந்து வரும் சுடுதண்ணீரையும் விடவில்லை. அதைத் தேங்காய் நாரில் வடிகட்டி மறுபடி பாய்லருக்கு அனுப்பலாமா என்று நான் கேட்டேன். எங்கள் மில்லில் அப்படிச் செய்வதுண்டு. அவர் ஒரு கிளாஸில் அந்தத் தண்ணீரைப் பிடித்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, எண்ணெய்ப் படலம் இல்லை என்று தெரிந்த பிறகுதான் சரி என்றார். அதுவரை மூன்று தடவை நாரை மாற்ற வைத்தார்.

நெற்றியில் விபூதியும் முழங்கை வரை கரியுமாக அவர் குழாய்க்கு அடியில் படுத்திருந்ததைப் பார்த்த பிறகு, ஜலதோஷம் பற்றி யாரும் பேசவில்லை.

3. கரண்ட் தின்ன ஆள் தேவை

ஹீட்டர் வேலை செய்தது. பகலில் பிரமாதமாக வேலை செய்தது. ரோலர்கள் ஓடும்போது எஞ்சினுக்கு நிறைய வேலை, நிறைய ஸ்டீம் குடிக்கும், நிறைய துப்பும், மாடியில் காற்று கணகணவென்று வரும். ராத்திரி ரோலர் இல்லை. டைனமோவுக்குப் பேனும் தொரை பங்களா விளக்குகளும்தான் பாரம். வேலை குறைந்தால் ஸ்டீமைத் தானாகக் குறைத்துவிடும் கவர்னர் எஞ்சினில் உண்டு. அது தன் வேலையை ஒழுங்காகச் செய்தது. ஆவி குறைந்தது, சூடும் குறைந்தது. சூடு வேண்டிய நேரத்தில் சூடு இல்லை. விடிகாலையில் தங்கையா காம்பை மடித்தார். டக்.

"ஏனுங்க, பாய்லர் ஸ்டீமை நேரா ஹீட்டருக்கு உட்டா என்னங்க?" என்று கேட்டேன்.

"இந்தப் பழைய குழாய் பாய்லர் பிரஷர் தாங்காது, வெடிச்சுடும். பிரஷரைக் குறைச்சு விடறதுக்கு ஒரு வால்வு வேணும். ஆர்டர் போட்டாச்சு. கப்பல்ல வரணும். அது வரச்சே மழை முடிஞ்சிருக்கும், பேக்டரியும் முடிஞ்சிருக்கும்."

இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் தொரையைப் பார்க்கப் போனார். திரும்பி வரும்போது முகத்தில் திருட்டு மாம்பழம் தின்றவர் சிரிப்பு.

"லயத்துக்கெல்லாம் கரண்ட் குடுக்கப் போறோம், ஆறுச்சாமி."

லயம் என்றால் தொழிலாளர்கள் குடியிருக்கும் வரிசை வீடுகள். மலைச்சரிவில் வரிசை வரிசையாக இருந்தன. எல்லாவற்றிலும் மண்ணெண்ணெய்ச் சிமினிதான். பங்களாவுக்கும் ஆபீஸுக்கும் மட்டும்தான் எலெக்ட்ரிக். தொரை எப்படி ஒத்துக்கொண்டார் என்று கேட்டேன்.

"அவரும் அதைத்தான் கேட்டார், லயத்துக்கு எதுக்கு லைட்டுன்னு. அவாளுக்காக இல்லை சார், நமக்காக்கும்னேன். எஞ்சினுக்கு ராத்திரி வேலை வேணும். வேலை இருந்தா ஆவி வரும், ஆவி வந்தா கொழுந்து வாடும். கரண்டைத் தின்ன ஆள் வேணும். லயத்துல அத்தனை வீடு இருக்கே, அவா தின்னுட்டுப் போகட்டும்னேன். மழை முடியற வரைக்கும்தான்னார். சரின்னுட்டேன்."

சில்வர் ஓக் மரங்களை வெட்டிக் கம்பம் நட்டோம். கொட்டுகிற மழையில் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு கம்பி இழுத்தோம். அட்டை கடித்து என் கால் புளியம்பழம் மாதிரி ஆனது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பல்பு, ஒரு ஸ்விட்ச். ஸ்விட்ச் எதற்கு, எல்லாவற்றையும் பேக்டரியிலிருந்தே போட்டு அணைக்கலாமே என்று தங்கையா கேட்டார். இன்ஜினியர் அவரைத் திரும்பிப் பார்த்தார். "உங்க ஆத்துல எரியற வெளக்கை நான் அணைச்சா ஒத்துப்பேளா?"

முதல் நாள் விளக்கு எரிந்த சாயங்காலம் நானும் லயத்தில்தான் இருந்தேன். முதல் வரிசையில் கடைசி வீடு முத்துப்பேச்சியுடையது. கொழுந்து பறிப்பவள், வாய்த்துடுக்குக்காரி, வேலை வாங்கும் கங்காணியே அவளிடம் பார்த்துத்தான் பேசுவார். பல்பு எரிந்ததும் எல்லா வீட்டிலும் கூச்சல். அவள் வீட்டில் மட்டும் சத்தமே இல்லை. எட்டிப் பார்த்தேன். இடுப்பில் கை வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன்யா, இம்புட்டுக் கரியா இருந்திச்சு எங்க வீட்டுச் செவுரு? இதுக்குள்ளயா நாங்க குடியிருந்தோம்?"

அந்த ஞாயிற்றுக்கிழமை எஸ்டேட் முழுக்கச் சுண்ணாம்பு கிடைக்கவில்லை. எல்லா லயத்திலும் வெள்ளையடித்தார்கள்.

விளக்குகள் எரிய எரிய எஞ்சினுக்குப் பாரம் ஏறியது. காலையில் தங்கையா காம்பை மடித்தார். வளைந்தது. கொழுந்தைக் கை நிறைய அள்ளிப் பிடித்தார். உருண்டையாக அப்படியே நின்றது. மூக்கில் வைத்து முகர்ந்தார். அப்புறம் அந்த மனிதர் செய்ததை நான் எதிர்பார்க்கவில்லை. இன்ஜினியரின் கரிக்கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

4. சிக்கனம்

பத்து நாள்கூட நன்றாகப் போயிருக்காது. ஒரு காலையில் மறுபடியும் டக். அடுத்த நாளும் டக். அதற்கடுத்த நாள் வந்த டீயைத் தங்கையா கோப்பையில் ஊற்றி உறிஞ்சித் துப்பிவிட்டு, "வெறும் வெந்நிவே" என்றார்.

ஹீட்டரைப் பார்த்தோம், சரியாக இருந்தது. பேன், குழாய், எண்ணெய் பிரிக்கும் டப்பா எல்லாம் சரி. ராத்திரி ஷிப்ட் டிரைவர் செல்லையாவைக் கேட்டேன். அவன் முகமெல்லாம் பல்லாக நின்றான்.

"எஞ்சினுக்கு ஒரு கொறையும் இல்ல அண்ணாச்சி. மூணு நாளா ராத்திரி பூப்போல ஓடுது. பாரமே இல்ல. வெறகுகூட மிச்சம் புடிச்சு வெச்சிருக்கேன், பாருங்க."

மூலையில் அடுக்கி வைத்திருந்த விறகைப் பெருமையாகக் காட்டினான். இன்ஜினியர் அந்த விறகைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "லயத்துக்குப் போகலாம் வாங்கோ" என்றார்.

சாயங்காலம் போனோம். முத்துப்பேச்சி வாசலில் கூடையைக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்குள் விளக்கு எரியவில்லை. பக்கத்து வீட்டிலும் இல்லை. அந்த வரிசையிலேயே ஒரு வீட்டில் மட்டும் எரிந்தது. அங்கேதான் நாலு வீட்டுப் பெண்கள் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"ஏம்மா, லைட் கெட்டுப்போச்சா?" என்று இன்ஜினியர் கேட்டார்.

"கெடல்லாம் இல்ல சாமி. நாங்கதான் அணைச்சு வெச்சிருக்கோம். கங்காணி சொல்லிட்டாரு. மழ முடிஞ்சா வெளக்கப் புடுங்கிருவாகளாம். கண்டபடி எரிச்சா அதுக்கு முன்னாலயே புடுங்கிருவாகளாம். அதான் ஒரு வீட்டுல எரிச்சு எல்லாரும் அங்கன இருந்துக்கிடுறோம். சோறு தின்னதும் அதையும் அணைச்சிருவோம். நாங்க ஒழுங்கா இருந்தா தொரை மனசு எறங்காதா?"

பின்னாலிருந்து ஒரு பெண் சேர்த்துக்கொண்டாள். "அந்த எஞ்சினும் பாவம்ல. நமக்காக ராப்பூரா ஓடணுமா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. விளக்கு போய்விடக் கூடாது என்று ஒரு லயமே சேர்ந்து விளக்கை மிச்சம் பிடித்திருக்கிறது. அவர்கள் மிச்சம் பிடித்த ஒவ்வொரு விளக்குக்கும் மாடியில் கொழுந்து வாடாமல் கிடந்திருக்கிறது. கங்காணி நல்ல எண்ணத்தில் சொல்லியிருக்கிறார். இவர்கள் நல்ல எண்ணத்தில் அணைத்திருக்கிறார்கள். செல்லையா நல்ல எண்ணத்தில் விறகை அடுக்கியிருக்கிறான். அத்தனை நல்ல எண்ணமும் சேர்ந்து பேக்டரியை மூடப் பார்த்தது.

தங்கையாவாக இருந்தால் அந்த இடத்திலேயே எல்லா ஸ்விட்ச்சையும் பிடுங்கச் சொல்லியிருப்பார். இன்ஜினியர் நனைந்த படியில் உட்கார்ந்தார். கதவில் சாக்கட்டியால் எனக்குச் சொன்னதை இவர்களுக்கு அடுப்பை வைத்துச் சொன்னார். "நீ சோறு வடிக்கறே. அதே அடுப்புச் சூட்டுல மேலே பரண்ல வெறகு காயறது. அடுப்பை அணைச்சா சோறும் இல்லை, வெறகும் காயாது. உங்க லைட்டுதான் அடுப்பு. மாடியில கெடக்கற கொழுந்துதான் பரண் வெறகு. லைட் எரிஞ்சாதான் கொழுந்து காயும். மனசிலாச்சோம்மா?"

முத்துப்பேச்சி கன்னத்தில் கை வைத்துக் கேட்டாள். "அப்ப நாங்க வெளக்கு எரிச்சா கம்பெனிக்கு நட்டம் இல்ல, லாவம்ங்கிறீக."

"ஆமாம்."

"நல்லா இருக்கு சாமி. ஆனா வெளக்கு எரிஞ்சுக்கிட்டிருந்தா புள்ளைக எப்படி ஒறங்கும்? நாங்கதான் எப்படி ஒறங்குறது? விடியக் காலையில பெரட்டுக்குப் போவணும்ல." பெரட்டு என்றால் காலையில் ஆள் எண்ணி வேலைக்குப் பிரிப்பது.

இதை இன்ஜினியர் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. விளக்கு என்றால் எரிய வேண்டியது என்று மட்டும் நினைத்திருந்தோம். அதற்குக் கீழே ஆள் தூங்க வேண்டும் என்பது எங்கள் கணக்கில் வரவில்லை.

"வெளிய எரியட்டுமே," என்றாள் முத்துப்பேச்சி. "பைப்படிக்கும் கக்கூசுக்கும் போற வழி பூரா இருட்டு. பொம்பளையாளுக ராத்திரி ஒரு அவசரம்னா விடியிற மட்டும் அடக்கிக்கிட்டுக் கெடக்கோம். பன்னி வரும், ஆன வரும். அந்த வழியில வெளக்கு வையிங்க. நாங்க உள்ள அணைச்சிட்டு ஒறங்குறோம். அது வெளிய கெடந்து எரியட்டும்."

இன்ஜினியர் எழுந்தார். "ஆறுச்சாமி, ஸ்டோர்ல எத்தனை பெரிய பல்பு இருக்குன்னு பார்க்கணும்" என்றார். அவர் குரலில் அத்தனை சந்தோஷத்தை அதற்கு முன்பு நான் கேட்டதில்லை.

வழியெல்லாம் பெரிய பல்பாகப் போட்டோம். வீட்டுக்குள் இருக்கும் ஸ்விட்ச் அவர்கள் இஷ்டம். வழி விளக்குகளை மட்டும் விடியும் வரை பேக்டரி எரித்தது. உள்ளே அணைத்ததை வெளியே எரிந்தது ஈடு கட்டியது. அந்த மழைக்காலம் முடியும் வரை தங்கையா கையில் ஒரு காம்பும் ஒடியவில்லை. டீயை ஏலத்தில் விற்கும் புரோக்கர் ஆபீஸிலிருந்து டீ நன்றாக இருக்கிறது என்று தகவல் வந்த அன்று தொரை பேக்டரிக்கு வந்து, "குட்" என்று ஒரே வார்த்தை சொன்னார். வீட்டுக்குப் போய் மனைவியிடம், பெட்டியின் அடியில் இருக்கும் பித்தளைப் பாத்திரங்களையும் வெளியே எடுக்கலாம் என்றேன். அவள், "ஏனுங்க, அதையெல்லாம் வந்த வாரமே எடுத்துட்டனே, நீங்க பாக்கலீங்களா?" என்றாள்.

5. வால்வு வந்தது

மழை குறையத் தொடங்கியபோது அந்த வால்வு வந்து சேர்ந்தது. மரப்பெட்டிக்குள் வைக்கோல் சுற்றி, கல்யாணப் பெண் மாதிரி இருந்தது. தொரையும் வந்து பார்த்தார். அவருக்கு அந்த வால்வு விஷயம் தெளிவாக ஞாபகம் இருந்தது.

"இப்போ ஸ்டீம் நேரா ஹீட்டருக்குப் போகும். எஞ்சின் ராத்திரி வேண்டாம். லயத்து லைட் வேண்டாம். விறகு மிச்சம். ரைட்?"

லயத்தில் இந்தச் செய்தி எப்படிப் போயிற்றோ தெரியாது. அன்று சாயங்காலமே முத்துப்பேச்சி எஞ்சின் ரூம் வாசலில் வந்து நின்றாள். ஒன்றும் கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள். கேட்டிருந்தால் பரவாயில்லை.

இன்ஜினியர் தொரையிடம் வாதாடவில்லை. "ரெண்டு ராத்திரி பார்த்துட்டு முடிவு பண்ணலாம் சார்" என்று மட்டும் சொன்னார். பாய்லர் ரூமில் இரண்டு விறகு அடுக்குகள் கட்ட வைத்தார். ஒரே உயரம், ஒரே அகலம், ஒரே மரத்தில் வெட்டிய யூக்கலிப்டஸ். நூல் பிடித்துப் பார்த்தார். முதல் இரவு, எஞ்சின் நின்றது, லயம் இருட்டு, வால்வு வழியாக ஸ்டீம் நேராக ஹீட்டருக்கு. பேனுக்கு மட்டும் சின்ன ஆயில் எஞ்சின். இரண்டாம் இரவு, பழையபடி எஞ்சின் ஓடியது, லயத்தில் எல்லா விளக்கும் எரிந்தது, எக்ஸாஸ்ட் ஆவி ஹீட்டருக்குப் போனது. மாடியில் சூடு இரண்டு ராத்திரியும் ஒன்றே. கொழுந்து இரண்டு காலையிலும் ஒரே மாதிரி வளைந்தது.

இரண்டாம் நாள் காலை தொரை வந்தார். இரண்டு அடுக்கிலும் மீதி இருந்த விறகு பக்கத்தில் பக்கத்தில் நின்றது. விளக்கு எரியாத ராத்திரியின் அடுக்கு கொஞ்சம் உயரமாக இருந்தது. கொஞ்சம்தான். தொரை குனிந்து பார்த்தார், நிமிர்ந்து பார்த்தார். ஏதோ தப்பு நடந்திருக்கிறது என்கிற மாதிரி என்னை முறைத்தார்.

இன்ஜினியர் இரண்டு அடுக்கும் ஒரே மட்டமாகிற வரை உயரமான அடுக்கிலிருந்து விறகை எடுத்துக் கீழே போட்டார். அதைக் கயிற்றால் கட்டச் சொன்னார். கட்டினேன். ஒரு கட்டுதான் வந்தது.

"சூடு எப்படியும் வேணும் சார். அதுக்கு விறகு எப்படியும் எரிஞ்சாகணும்," என்றார். எனக்கும் புரிய வேண்டும் என்றோ என்னவோ தமிழிலேயே சொன்னார். "எரியற விறகுலேர்ந்து போற வழியில கொஞ்சம் கரண்டையும் எடுத்துண்டா, அதுக்காகக் கூட ஆகற செலவு இந்த ஒரு கட்டாக்கும். லயத்துல ஒரு ராத்திரி முழுக்க அத்தனை வெளக்கு எரிய இவ்வளவுதான்."

அப்போது பெரட்டுக்குப் போகிற பெண்கள் பாய்லர் ரூம் வாசலைத் தாண்டிக்கொண்டிருந்தார்கள். தொரையைப் பார்த்துத் தயங்கி நின்றார்கள். இன்ஜினியர் முத்துப்பேச்சியைக் கூப்பிட்டார். "இந்தக் கட்டைத் தூக்க முடியுமாம்மா?"

அவள் கூடையைக் கீழே வைத்தாள். முந்தானையைச் சுருட்டிச் சும்மாடு கட்டினாள். நான் கை கொடுக்கப் போனேன், வேண்டாம் என்று தலையாட்டினாள். பக்கத்தில் இருந்தவள் ஒரு கை பிடிக்க, கட்டு அவள் தலைக்கு ஏறியது. தொரைக்கு எதிரே நேராக நின்றாள்.

"இம்புட்டுத்தானா தொரை?" என்றாள்.

தொரை அவளைப் பார்த்தார், அவள் தலையில் இருந்த கட்டைப் பார்த்தார். அப்புறம் வெளியே, மழைப்புகையில் மங்கலாகத் தெரிந்த லயங்களைப் பார்த்தார். "ஓகே. எரியட்டும்," என்று சொல்லிவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார். அந்த வால்வை ஸ்பேராக வைத்துக்கொண்டோம். எஞ்சின் ரிப்பேரான நாட்களில் மட்டும் அதைத் திறந்தோம். கொழுந்துக்குச் சூடு தேவைப்படாத வெயில் மாதங்களிலும் தொரை சொன்ன சொல்லை மாற்றவில்லை.

அதற்குப் பிறகு பல பேக்டரிகளில் வேலை செய்துவிட்டேன். டர்பைன் ஓட்டியிருக்கிறேன், என்னைவிட இரண்டு மடங்கு படித்தவர்களோடு வேலை செய்திருக்கிறேன். கல்பாத்தி சங்கரநாராயணன் மாதிரி ஒருவரை மறுபடி பார்க்கவில்லை. அவர் புதிதாக ஒரு மிஷினும் கொண்டுவரவில்லை. கூரையில் வீணாய்ப் போனதை அரை நாள் நின்று பார்த்தார், அவ்வளவுதான். இப்போது பாய்லர் ரூமுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வதும் அதுதான். பிரஷர் கேஜைப் பார்ப்பதற்கு முன்னால் வெளியே போய்ப் புகைபோக்கியையும் எக்ஸாஸ்டையும் பாருங்கள். அங்கே போவது யாருக்குத் தேவைப்படும் என்று ஒரு நிமிஷம் யோசியுங்கள். அந்த ஆளிடம் போய்க் கேளுங்கள். கேட்காமல் கொடுத்தால் அவர் அணைத்துவிட்டுத் தூங்கிவிடுவார்.

இன்னொன்றையும் சொல்லி முடிக்கிறேன். தொரை எரியட்டும் என்று சொன்ன நாளுக்கு மறுநாள் சாயங்காலம் பாய்லர் ரூம் வாசலில் ஒரு விறகுக் கட்டு கிடந்தது. தேயிலைச் செடியைக் கவாத்து பண்ணும்போது வெட்டிப் போடும் குச்சிகள். தொழிலாளர்கள் தங்கள் வீட்டு அடுப்புக்கு எடுத்துப்போகிற விறகு அது. அடுத்த நாள் இன்னொரு கட்டு. லயத்தில் முறை வைத்து, தினம் ஒரு வீட்டிலிருந்து ஒருத்தி கொண்டுவந்து போட்டாள். யாரும் அவர்களைக் கொண்டுவரச் சொல்லவில்லை. விஷயம் தெரிந்து தொரையே வேண்டாம் என்று ஆள் அனுப்பினார். முத்துப்பேச்சியிடம் நானும் சொல்லிப் பார்த்தேன். "ஏனம்மா, அடுப்புக்கு வேணுமில்ல? கம்பெனிதான் வேண்டாங்குதே?"

அவள் சும்மாட்டை உதறிக்கொண்டே சொன்னாள். "ஓசி வெளக்குன்னா நாளைக்கு எவன் வேணும்னாலும் அணைச்சுப்புடுவான்யா. இப்ப இது எங்க வெறகு, எங்க வெளக்கு. எவன் அணைக்கான்னு பாக்குறேன்."

அன்று சாயங்காலம் பாய்லர் அடுப்பில் முதலில் அந்தக் கட்டைத்தான் போட்டேன். நான் அங்கே இருந்த வரை தினமும் அப்படித்தான்.